விடுமுறைத் தீவில் ஒரு மரணம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





ஒரு டொக்டரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிரியாணியும் வட்டிலப்பமும் ஆயத்தமாக இருக்கும் நாளில் நீரிழிவைப் பற்றிப் பேச எனக்கும் மனம் வரவில்லை. விழாக் குழுவினரும் "வாசித்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்றே கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நான் அதிகம் வாசித்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்: துப்பறியும் கதைகள். அவற்றிலும் குறிப்பாக, வெயிலும் கடலும் தென்னையும் உள்ள ஒரு தீவுக்கு விடுமுறை கழிக்க வந்தவர்களிடையே கொலை விழுகின்ற கதைகள்.

இந்தப் பாடசாலையில் தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து வந்த சிறிய மாத நாவல்கள் வகுப்புக்கு வகுப்பு கைமாறும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, சுஜாதா. யுத்த காலம். பாதை திறந்திருந்தால் புத்தகம் வரும்; மூடினால் வராது. அதனால் ஒரே புத்தகத்தை நாற்பது பிள்ளைகள் வாசித்தோம். நாற்பதாவது பிள்ளையின் கைக்கு வரும்போது கடைசிப் பக்கங்கள் கழன்று போயிருக்கும். கொலைகாரன் யார் என்று தெரியாமல் இடைவேளையில் மரத்தடியில் இருந்து வாதாடுவோம். ஒருத்தி டிரைவர் என்பாள், மற்றவள் தம்பி என்பாள். "எந்தப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறாய், காட்டு" என்று கேட்க வேண்டும், காட்ட வேண்டும். மருத்துவக் கல்லூரியில் நோயாளியின் கட்டிலருகே நின்று பேராசிரியர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

நம்மவர்களுக்கு இந்த வகைக் கதை புதியதுமல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எழுதியவர் அறிஞர் சித்திலெப்பை. மிசிறு தேசத்தில் பிறந்த ஒரு பிள்ளை கடத்தப்படுவதும், அந்நிய நாட்டில் வளர்வதும், பல ஆபத்துகளைக் கடப்பதும்தான் கதை. எழுதியவர் ஒரு வழக்கறிஞர். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் பாடுபட்டவர். ஒரு களவையும் அதன் முடிச்சையும் வைத்துத்தான் அவர் நம்மை நாவலுக்குள் அழைத்துவந்தார். ஆகவே "துப்பறியும் கதை வாசித்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று இனி யாராவது சொன்னால் சித்திலெப்பையின் பெயரைச் சொல்லுங்கள்.

இனித் தீவுக்கு வருவோம். ஏன் தீவு? எழுதுகிறவருக்குத் தீவு வசதியானது. சுற்றிவரக் கடல், ஒருவரும் தப்பிப் போக முடியாது, வெளியாள் வர முடியாது. கொன்றவர் இந்தப் பத்துப் பேருக்குள்தான் இருக்கிறார். அகதா கிறிஸ்டி 1939இல் பத்துப் பேரை ஒரு தீவில் அடைத்தார். 1941இல் 'ஈவில் அண்டர் த சன்' நாவலில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வெயில் காய்பவர்களிடையே ஒரு பெண் கொல்லப்படுகிறாள். 1964இல் 'எ கரீபியன் மிஸ்டரி'. அதில்தான் உண்மையான வெப்ப நாட்டுத் தீவு வருகிறது. மிஸ் மார்ப்பிள் என்ற முதிய பெண்மணி உடல்நலம் தேறுவதற்காக அங்கே போகிறார். 2011 முதல் பிபிசியில் ஓடும் 'டெத் இன் பரடைஸ்' தொடரும் இதே வகைதான். கதையில் அது செயின்ட் மேரி என்ற கற்பனைத் தீவு. படம் பிடிப்பது குவாதலூப்பில். இங்கிலாந்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் வெயிலில் வியர்த்துக்கொண்டே கொலையைக் கண்டுபிடிப்பார். உள்ளூர்ப் பொலிஸார் ஓடியாடி உதவுவார்கள்.

குளிர் நாட்டில் இருந்து இந்தக் கதைகளை வாசிப்பவருக்கு அந்தத் தீவு ஒரு கனவு. அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் வாசித்தால் எப்படி இருக்கும்? நாம் அப்படித்தான் வாசிக்கிறோம். நம் வாசலில் கடல். தெற்கே போனால் பொத்துவிலும் அறுகம்பையும். அலைச்சறுக்கு விளையாட உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். அவர்களுடைய கைத்தொலைபேசிப் படங்களில் நம் கடற்கரை வெயில் தீவுதான். ஆனால் அந்தப் படத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? ஓட்டோ ஓட்டுபவராக, மீன் பொரிப்பவராக, அறை கூட்டுபவராக, ஓரத்தில் நிற்கிறோம்.

'எ கரீபியன் மிஸ்டரி'யை நான் மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவைதான் விக்டோரியா என்ற பெண்ணைக் கவனித்து வாசித்தேன். அவள் அந்த ஹோட்டலில் அறை கூட்டும் உள்ளூர்ப் பெண். ஒரு முதிய மேஜர் இரவில் இறந்துபோகிறார். அவரது அறையில் இரத்த அழுத்த மாத்திரைப் போத்தல் ஒன்று இருக்கிறது. "அவருக்குப் பிரஷர் இருந்ததாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார் சொன்னார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். வைத்தியரும் அதை நம்பிவிடுகிறார்; உடனே அடக்கம் நடக்கிறது. அந்தப் போத்தல் முன்பு அந்த அறையில் இருக்கவில்லை என்பது விக்டோரியாவுக்குத் தெரியும். தினமும் அந்த மேசையைத் துடைப்பவள் அவள்தானே. அவள் அதை வாய்விட்டுச் சொல்கிறாள். அடுத்துக் கொல்லப்படுவது அவள்தான். பின்னர்தான் மேஜரின் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

ராத்தாமாரே, தங்கைமாரே, "பிரஷர் கூடி மௌத்தாகிட்டார்" என்ற வார்த்தையை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! உண்மையில் பிரஷரை அளந்து பார்த்தவர் யார் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

நம் நாட்டவர்கள் இந்தக் கதையைக் கையில் எடுத்தபோது படம் மாறியது. அமண்டா ஜயதிஸ்ஸவின் 'யூ ஆர் இன்வைற்றட்' 2022இல் வந்தது. இலங்கையில் ஓர் ஆடம்பரக் கல்யாணம். மணப்பெண் காணாமல் போகிறாள். கடலும் பூமாலையும் விருந்தும் எல்லாம் உண்டு. ஆனால் குடும்ப கௌரவம், "சனம் என்ன சொல்லும்" என்ற பயம், பெண்ணைப் பற்றிய கதைப்பேச்சு, இவையும் உண்டு. அதே ஆண்டு ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' புக்கர் பரிசு பெற்றது. கொலையுண்ட ஒரு புகைப்படக்காரர் தன்னைக் கொன்றவர் யார் என்று மறுமையின் வாசலில் நின்று தேடுகிறார். அவருக்கு ஏழு நாள்தான் தவணை. காலம் எண்பதுகளின் கடைசி. அங்கே பிரேதம் ஒன்றல்ல. பேரை வாவிக்குள் எத்தனையோ. ஒரு பிரேதத்துக்காக எல்லோரும் கூடி நின்று விசாரிக்கும் ஆங்கிலத் தீவு எங்கே? விசாரிக்கவே ஆளில்லாத நம் தீவு எங்கே? மைக்கல் ஒன்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' 2000இல் வந்தது. அதில் ஒரு பெண் தடயவியல் மானிடவியல் நிபுணர் ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடி அலைகிறாள். நாவல்தான் என்றாலும் அந்தத் தேடல் கற்பனை அல்ல. காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. பல உம்மாமார் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு டொக்டராகச் சில வார்த்தை. இங்கிலாந்துக் கதைகளில் பொலிஸ் வைத்தியர் குனிந்து பார்த்துவிட்டு, "மரணம் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்" என்று சொல்வார். முழுக் கதையும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தங்கியிருக்கும். அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்பதுதானே துப்பு. ஆனால் அந்தக் கணக்கு குளிர் நாட்டுக் கணக்கு. உயிருள்ள உடல் 37 பாகை செல்சியஸ். உயிர் போனபின் உடல் மெல்ல மெல்லச் சுற்றுப்புற வெப்பத்துக்கு இறங்கும். அறை 15 பாகையாக இருந்தால் இறங்க 22 பாகை உண்டு. அதை வைத்து மணிக்கணக்குப் பார்க்கலாம். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் மருதமுனையில் ஓட்டு வீட்டுக்குள் 33 பாகை என்று வையுங்கள். இறங்க நான்கு பாகைதான் உண்டு. அரைப் பாகை பிசகினாலும் கணக்கு மணித்தியாலக் கணக்கில் பிசகும். சுற்றுப்புறம் 37ஐத் தாண்டினால் உடல் குளிரவே மாட்டாது. உடல் விறைப்பதும் வெப்பத்தில் விரைவாகத் தொடங்கி விரைவாக நீங்கிவிடும். வெயில் தீவுக் கொலைக் கதைகளில் பாதிக்குப் பாதி இந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிடும்!

இது பகிடிக்குச் சொன்னதல்ல. ஓர் உயிர் இந்தக் கணக்கில் தொங்கிய வழக்கு நம் நாட்டில் நடந்தது. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் நான்கு பெண் பிள்ளைகளின் தாய் கொலையுண்டு கிடந்தார். கணவர் மகாதேவ சதாசிவம் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வீட்டு வேலைக்காரர் அரச சாட்சியாக மாறினார். அன்று காலை கணவர் வீட்டை விட்டுப் போன பிறகு மரணம் நடந்ததா, முன்பு நடந்ததா என்பதுதான் கேள்வி. சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் உடல் வெப்பத்தை வைத்து நேரத்தைக் கணித்தார். எதிர்த்தரப்புக்காக எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் வந்தார். அவர் முன்னர் எகிப்தில் பல வருடங்கள் கடமையாற்றியவர். வெப்ப நாட்டு மரணம் அவருக்குப் புதிதல்ல. நேரத்தை அவ்வளவு ஒடுக்கமாகச் சொல்ல முடியாது என்பது அவர் சாட்சியம். எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1953இல் ஜூரிமார் சதாசிவத்தை விடுதலை செய்தார்கள்.

டி சேரமும் சகாக்களும் இங்கே தூக்கிலிடப்பட்ட 40க்கு மேற்பட்ட கைதிகளின் உடல் வெப்பம் எவ்வாறு குறைந்தது என்று அளந்து பதிந்திருந்தார்கள். தூக்கில் உயிர் போன நிமிடம் துல்லியமாகத் தெரியும் அல்லவா? அந்த ஆய்வு 1955இல் வெளியானது. வெப்ப நாட்டில் மரண நேரம் கணிப்பது பற்றிப் பேசும்போது இன்றும் அது எடுத்துக்காட்டப்படுகிறது. நம் நாட்டின் வெயிலைப் பற்றி நம் நாட்டிலேயே அளந்து எழுதிய பாடம் அது.

இந்த வழக்கில் எனக்கு முள்ளாகத் தைப்பது வேறொன்று. எழுபது வருடம் கழிந்தும் கதை சொல்பவர்கள் கணவரின் ஆட்டத்தையும் சட்டத்தரணியின் வாதத்தையும் வெள்ளைக்காரப் பேராசிரியரின் புகழையும் சொல்கிறார்கள். இறந்தவரின் பெயர் பரிபூரணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டனை பெறவுமில்லை. கதையென்றால் கடைசி அத்தியாயத்தில் விடை வரவேண்டும். வாழ்க்கையில் கடைசிப் பக்கங்கள் கழன்ற புத்தகம்தான் அதிகம்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

நான் வேறொரு மாவட்டத்தில் கடமையாற்றிய காலம். ஒரு விடியற்காலையில் தொலைபேசி அழைப்பு. முப்பது வயது கூட நிறையாத ஒரு தாய் இரவில் மௌத்து. "டொக்டர் ராத்தா, ழுஹருக்கு அடக்க வேணும். ஒரு கையெழுத்து வெச்சித் தாங்க. பிரஷர்தான்" என்றார்கள். நான் அந்தப் பெண்ணை உயிரோடு கண்டதில்லை. கண்டிராத ஆளுக்கு, காரணம் தெரியாத மரணத்துக்கு, ஒரு டொக்டர் கையெழுத்து வைக்க முடியாது. முடியாது என்றேன். கோபித்தார்கள். "ஜனாஸாவை வெட்டிக் கொத்த விடுறீங்களா" என்று ஒரு மூத்தம்மா அழுதார். அந்த அழுகை என் நெஞ்சைப் பிசைந்தது. நானும் அதே மார்க்கத்தில், அதே பழக்கத்தில் வளர்ந்தவள்தானே.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தார். அஸருக்குப் பிறகு ஜனாஸாவைக் கொடுத்தார்கள், அன்றே அடக்கினார்கள். காரணம் என்ன? குழாய்க் கர்ப்பம். கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் பெருகி உயிர் போயிருக்கிறது. இரண்டு நாளாக வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறாள். "வாய்வு" என்று சொல்லி பனடோல் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கையில் அதற்குள் வேறு கதையும் பரவத் தொடங்கியிருந்தது. முதல் நாள் இரவு அவளுக்கும் கணவனுக்கும் வாய்த்தர்க்கமாம். அன்றைக்கு நான் கையெழுத்து வைத்திருந்தால் அந்த மனுஷன் ஆயுள் முழுக்கச் சந்தேகத்தோடுதான் வாழ்ந்திருப்பான், பிள்ளைகளும் அப்படியே. பரிசோதனை அவனைக் காப்பாற்றியது. வேறொரு வீட்டில் அதே பரிசோதனை அடியின் தடயத்தைக் காட்டியிருக்கலாம். அப்போது அது மௌத்தானவளின் பக்கம் நின்றிருக்கும். குற்றவாளியைப் பிடிப்பது அதன் வேலையின் ஒரு பாதி. குற்றமற்றவரை விடுவிப்பது மறு பாதி.

ஆகவே இந்த மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இது. ஒருவர் திடீரென்று, காரணம் தெரியாமல், விபத்தில், அல்லது சந்தேகமான முறையில் மௌத்தானால் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவியுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின்படி விசாரணை நடக்கும். விசாரணை என்பது யார் மீதும் குற்றம் சாட்டுவதல்ல; "இவர் எப்படி இறந்தார்" என்ற ஒரே கேள்விதான். உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். தண்ணீர் பட்டால் போகும் தடயங்கள் உண்டு. பிந்தினால் அடக்கமும் பிந்தும்; முந்திச் சொன்னால் முந்தி முடியும். குளிப்பாட்டும் பெண்கள் உடலில் எதையாவது கண்டால், மூடி மறைப்பது அமானிதம் என்று எண்ணி விழுங்கிவிடாதீர்கள். மற்றவர்களின் குறையை மறைப்பது வேறு, ஒருத்தியின் உயிருக்கான பதிலை மறைப்பது வேறு. விக்டோரியாவைப் போல மேசை துடைப்பவளின் கண்ணுக்குத்தான் பல நேரம் போத்தல் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. துப்பறியும் கதையில் கடைசிப் பக்கம் வரை எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். கடைசியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விடுவிக்கப்படுவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அதே கிழமையில், ஏப்ரல் 26ஆம் திகதி, பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலும் வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பல மாதங்கள் நம் உடையைப் பார்த்து, பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். கொன்றவர்களின் குற்றத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அதில் கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் பதில் வேண்டும். ஆனால் ஆதாரம் இன்றி ஒரு கூட்டத்தையே சந்தேகிப்பதன் வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாம் நம் ஒழுங்கைக்குள் ஒரு விதவையையோ, ஒரு மருமகளையோ, அயல் ஊர்க்காரரையோ அப்படிச் சந்தேகிக்கலாமா? "எந்தப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறாய், காட்டு" என்று அங்கேயும் கேட்க வேண்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக நூலகத்துக்குப் புத்தகம் சேர்க்கும்போது துப்பறியும் கதைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அகதா கிறிஸ்டியும் இருக்கட்டும், கருணாதிலக்கவும் இருக்கட்டும், தமிழ்க் கதைகளும் இருக்கட்டும். வாங்கும்போது கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்!

தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். புலவர்மணி ஷரிபுத்தீனும் மருதூர்க் கொத்தனும் மருதூர்க்கனியும் எழுதிய மண் இது. நம் கடற்கரையில் நடக்கும் ஒரு துப்பறியும் கதையை உங்களில் ஒருத்தி எழுத வேண்டும். தறிச் சத்தம் ஓயாத ஒழுங்கையில் ஒருநாள் ஒரு தறி மட்டும் ஓய்ந்து போகட்டும். கரைவலை இழுப்பவர்கள் விடியலில் எதையோ காணட்டும். துப்பறிபவர் இங்கிலாந்திலிருந்து வர வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தராக, தையல்காரியாக, அறுகம்பை ஹோட்டலில் அறை கூட்டுபவளாக இருக்கட்டும். அவள் கண்டதைச் சொல்லட்டும். சொன்ன பிறகும் உயிரோடு இருக்கட்டும்.

அந்தக் கதையை வாசிக்க நான் காத்திருக்கிறேன்.  எங்களை வாசிக்க வைத்த ஆசிரியைகளில் மண்ணறையில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தை அருள்வானாக. நம்மோடு இருப்பவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக.